மூன்று சுழி ‘ண’ மட்டும் வழுவழுப்பாக வர மாட்டேன் என்கிறது (கிம்ப் 2.10 பட மென்பொருள்)

பெயிண்டர் மகன் கேட்டது:

அப்பா கடைப் பலகை எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்தது; ஆறு வருடம் முன்னால் தவறிவிட்டார். அவர் எழுதியதில் எங்கள் ஊரில் இன்னும் தொங்குவது ஒன்றே ஒன்றுதான், ஒரு தையல் கடையின் தகரப் பலகை: ‘ராணி தையலகம்’. தகரம் துருப்பிடித்து அரித்துவிட்டது. கடைக்கார அக்கா புதுப் பலகை வைக்கப் போகிறார். “எழுத்து மட்டும் உங்கப்பா எழுத்தாவே இருக்கட்டும்டா” என்று சொல்லிவிட்டார். ஸ்டிக்கர் கட்டிங்கில் வெட்டி ஒட்டலாம் என்று திட்டம்.

போனில் படம் எடுத்து, கிம்ப்பில் திறந்து, மேலே புது லேயர் போட்டு முதலில் மவுஸால் வரைந்தேன். கை நடுக்கம் அப்படியே கோட்டில் தெரிந்தது. அப்பா மணிக்கட்டுக்கு அடியில் ஒரு குச்சியை அண்டக் கொடுத்துக்கொண்டுதான் எழுதுவார். மவுஸுக்கு எந்தக் குச்சியை வைப்பது? சரி என்று, புள்ளி வைத்து அவற்றைக் கோட்டால் இணைக்கிற பாத்ஸ் டூலுக்கு மாறினேன். ‘ரா’ சுலபமாக வந்துவிட்டது. ‘ணி’யில் மாட்டிக்கொண்டேன். சுழி ஓரமெல்லாம் நெருக்கமாகப் புள்ளி வைத்ததில் இந்த ஓர் எழுத்துக்கே 46 புள்ளி ஆகிவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு முழுக்க முள்ளுமுறுக்கு. அந்தக் கோட்டின் மேல் வண்ணம் தீட்ட ஸ்ட்ரோக் பாத் கொடுத்தால் அதற்கு மேல் படிக்கட்டு படிக்கட்டாக வேறு உடைகிறது. இன்னும் நெருக்கமாகப் புள்ளி வைக்க வேண்டுமா?

எழுத்துருப் பைத்தியம்:

ஐயோ, வேண்டாம். நேர்மாறாகச் செய்யுங்கள். புள்ளி கூடக் கூடத்தான் முள்ளு கூடும்.

முதலில் ஒன்று: கிளிக் மட்டும் செய்தீர்களா, அல்லது கிளிக் செய்து அப்படியே இழுத்தீர்களா? வெறுமனே கிளிக் செய்தால், புள்ளியின் இரண்டு பக்கமும் நீண்டு கோட்டை வளைக்கிற கைப்பிடி முளைக்காது; இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்க்கோடுதான் வரும். உங்கள் 46 புள்ளியும் 46 குட்டி நேர்க்கோடாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

முதல் சுழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளி ஓரத்தில் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி, இந்த நான்கு இடத்தில் மட்டும் புள்ளி. உச்சியிலும் அடியிலும் கைப்பிடியைக் கிடையாக இழுங்கள், இடத்திலும் வலத்திலும் செங்குத்தாக. எவ்வளவு நீளம்? சரியான வட்டமாக இருந்தால் ஆரத்தில் 0.55 பங்கு. அதாவது ஆரம் 100 பிக்சல் என்றால் கைப்பிடி 55 பிக்சல். கையால் எழுதிய சுழி சரியான வட்டமாக இருக்காது, ஆனால் அங்கிருந்து தொடங்கி இழுத்துத் தள்ளினால் சீக்கிரம் உட்காரும். பிறகு கைப்பிடியைத் திருத்தும்போது ஷிஃப்டை அழுத்திக்கொள்ளுங்கள். எதிர்க் கைப்பிடியும் அதே கோட்டில், அதே நீளத்தில் வரும். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை அந்தப் புள்ளியில் கோடு ஒடியாது. தூரிகையைத் தூக்கிய முனையில் மட்டும் ஷிஃப்ட் இல்லாமல் ஒரு பக்கத்தை இழுத்து ஒடித்துக்கொள்ளலாம்.

மவுஸ்தான் வேண்டும் என்றால் பெயிண்ட்பிரஷ் ஆப்ஷனில் ‘ஸ்மூத் ஸ்ட்ரோக்’ என்று ஒரு டிக் இருக்கிறது. உங்கள் அப்பாவின் குச்சி அதுதான். ஆனால் இந்த வேலைக்குப் பாத்தான் சரி.

இரவுப்பணி:

படிக்கட்டுக்கு வேறு காரணம். ஸ்ட்ரோக் பாத் ஜன்னலில் எந்தக் கருவி இருந்தது? பென்சில் என்றால் அது விளிம்பை மழுக்கவே மழுக்காது, அதன் குணமே அதுதான். பெயிண்ட்பிரஷுக்கு மாற்றுங்கள், அல்லது ‘ஸ்ட்ரோக் லைன்’ எடுத்து, விளிம்பை மழுக்குகிற ஆன்டிஅலியாசிங் டிக் போடுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் இமேஜ் மெனுவில் மோட் பாருங்கள். இண்டெக்ஸ்டு (குறிப்பிட்ட சில நிறங்கள் மட்டும்) என்று இருந்தால் ஆர்ஜிபிக்கு (முழு நிறம்) மாற்றுங்கள்.

பெயிண்டர் மகன்:

பென்சிலேதான்! கிளிக் விஷயமும் சரி, நான் இழுக்கவே இல்லை. இப்போது முதல் சுழி நான்கே புள்ளியில் வந்துவிட்டது. ஆனால் படத்தோடு ஒட்டவில்லை, அசல் சுழி மேல்பக்கம் ஒடுங்கி முட்டை மாதிரி இருக்கிறது.

பழைய டிடிபி:

தம்பி, பலகை மேலே, நீங்கள் கீழே. தெருவில் நின்று அண்ணாந்து எடுத்த படம், அதனால்தான் முட்டை. பெர்ஸ்பெக்டிவ் டூலில் டைரக்‌ஷனைக் ‘கரெக்டிவ்’ என்று வைத்து, தகரத்தின் நான்கு மூலையிலும் பிடித்து நிமிர்த்திவிட்டு வரையுங்கள்.

இன்னொன்று, ஸ்டிக்கர் வெட்டுவதற்கு ஸ்ட்ரோக்கே வேண்டாம். மெஷினுக்குக் கோட்டின் தடிமன் தெரியாது, பாத் போகிற வழியில் கத்தி போகும், அவ்வளவுதான். தூரிகைத் தடத்தின் வெளி ஓரம் ஒரு பாத், சுழிக்குள் இருக்கிற ஓட்டை ஒவ்வொன்றும் தனிப் பாத். முடித்ததும் பாத்ஸ் பட்டியலில் ரைட் கிளிக், எக்ஸ்போர்ட் பாத், கோட்டைப் பாதையாகவே வைத்திருக்கும் எஸ்.வி.ஜி கோப்பு கிடைக்கும். இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். அங்கே கண்ட்ரோல்+எல் அழுத்தினால் புள்ளியைக் குறைக்கும். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் இன்னும் பலமாக வழிக்கும், எழுத்து சோப்புக் கட்டி ஆகிவிடும். நான் ஒரு கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரை அப்படித்தான் தும்பிக்கை இல்லாமல் ஆக்கினேன்.

கைப்பிடி வைத்து வளைக்கிற இந்தக் கோடே (பெசியே வளைவு என்பார்கள்) கார் கம்பெனிகளில் பிறந்தது. சித்ரோயனில் பால் த காஸ்டெல்ஜோ 1959இல் கணக்குப் போட்டார், கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் பியேர் பெசியே வெளியில் எழுதினார், பெயர் அவருக்குப் போய்விட்டது.

பெயிண்டர் மகன்:

அண்ணா, நிமிர்த்திய பிறகு எல்லாம் ஒட்டிக்கொண்டது. ‘ணி’யின் வெளி ஓரம் இப்போது 19 புள்ளி. கண்ட்ரோல்+எல் தொடவே இல்லை.

மூன்றாவது சுழி மட்டும் மற்ற இரண்டைவிடச் சப்பை. எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் தகரத்தில் ஓர் ஆணித் தலை. அப்பா அதற்குக் கீழே நெருக்கி எழுதியிருக்கிறார். புதுப் பலகையில் அங்கே ஆணி வராது. இருந்தாலும் சப்பையாகவே விட்டுவிட்டேன். சனிக்கிழமை வெட்டக் கொடுக்கிறேன்.