பிங் 20 இருந்தது 1,900 ஆன கதை

மாலையானால் போதும், வீடியோ அழைப்பில் என் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று புகார் வரும். ஸ்பீட் டெஸ்டில் குறை எதுவும் தெரியவில்லை. ஒருநாள் பிங்கை, அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கருவியை, ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 20 மில்லிசெகண்டில் ஓடிக்கொண்டிருந்தது, போனிலிருந்து படங்கள் பேக்கப் ஏறத் தொடங்கியதும் 300, 800, 1,900 என்று போய்விட்டது. ஆனால் ஒரு பாக்கெட்கூட (நெட்டில் தகவல் போகும் சிறு பொட்டலம்) தொலையவில்லை. வினையே அதுதான்.

எனக்கு அப்லோடு 1 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 125 கிலோபைட். மோடத்தின் பஃபரில் (பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் நினைவகம்) 250 கிலோபைட் தேங்கினால், கடைசியாக வந்து நிற்கும் பாக்கெட்டுக்கு 2 நொடி காத்திருப்பு. பாக்கெட் தொலைந்தால்தான், அனுப்பும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற நெறிமுறைக்கு வழக்கமாக நெரிசல் உறைக்கும். இங்கே எதுவும் தொலையாததால் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. பஃபர் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தவன்தான் நானும்.

ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்றி, அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் பகுதியில் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தேன். மாற்றமே இல்லை! அப்புறம்தான் புரிந்தது: வேகத்தை முழு 1,000 கேபிபிஎஸ் (அதே 1 எம்பிபிஎஸ்) என்று கொடுத்திருந்தேன், வரிசை கேக்கின் கைக்கு எட்டாமல் மோடத்திலேயே நின்றது. 900 என்று குறைத்ததும் வரிசை ரவுட்டருக்கு வந்தது. இப்போது பேக்கப் ஓடும்போதும் பிங் 40-ஐ ஒட்டியே நிற்கிறது.

*

கேக்கெல்லாம் வருவதற்கு முன், அலுவலக ரவுட்டரில் ரெட் என்ற வரிசைக் கட்டுப்பாட்டு முறையை வைத்துப் பட்டவன் நான். 1993-ல் சாலி ஃப்ளாய்டும் வான் ஜேக்கப்சனும் தந்த முறை. சராசரி வரிசை நீளம் ஒரு வரம்பைத் தாண்டினால் டிசிபிக்கு நெரிசல் உறைக்கட்டும் என்று சில பாக்கெட்டுகளை முன்கூட்டியே கைவிடும். வரம்பை நாம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் மெனக்கெட்டுச் சரிசெய்தேன். லிங்க்கின் வேகத்தை உயர்த்தினார்கள், போட்ட கணக்கெல்லாம் வீண். பாதி லிங்க் காலியாக இருக்கும்போதே பாக்கெட்டுகள் விழுந்தன.

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் கொண்டுவந்த, கேக்குக்கு அடிப்படையான கோடெல் முறை வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை, பாக்கெட் நின்ற நேரத்தைப் பார்க்கிறது. 100 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறைகூடக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் கைவிடத் தொடங்கும். லிங்க் மாறினாலும் இந்த எண்களை நான் தொடுவதில்லை.

*

கேக் போட்டு பிங் 40-க்கு இறங்கிய பிறகும் சில நேரம் எனக்குத் தாமதம் தலைகாட்டியது. கேபிளைச் செருகிப் பார்த்தால் பிங் கச்சிதம். வரிசை நின்றது வைஃபையில். ரவுட்டரை மூன்று நாள் திட்டித் தீர்த்திருந்தேன்.