பாவித்த சீடி பிளேயர்: நாலு மடங்கு விலைக்கு நாலு மடங்கு ஒலி இருக்கிறதா?

திருமலை ரசிகன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். அப்பா சேர்த்து வைத்த நாதஸ்வரம், தவில், வாய்ப்பாட்டு இறுவட்டுகள் (சீடிகள்) வீட்டில் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. சில கோயில் கச்சேரிகளை இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. இவ்வளவு காலமும் ரீ.வி.யோடு இணைத்த பழைய டி.வி.டி. பிளேயரில்தான் போட்டுக் கேட்டோம். இப்போது மாமா வீட்டிலிருந்து நல்ல ஸ்டீரியோ அம்ப் (ஆம்பிளிஃபையர்) ஒன்றும் ஒரு சோடி ஸ்பீக்கரும் வந்திருக்கின்றன. அதற்குப் பொருத்தமாக ஒரு சீடி பிளேயர் வாங்க வேண்டும்.

நகரத்தில் ஒரு கடையில் இரண்டு பார்த்தேன். ஒன்று யப்பானிலிருந்து வந்த பாவித்த பிளேயர். நல்ல பாரம், முன்பக்கம் முழுக்க அலுமினியம். மற்றது சாதாரணமானது, அதுவும் பாவித்ததுதான், ஆனால் வயது குறைவு. யப்பான்காரனுக்கு மற்றதைப் போல நாலு மடங்கு விலை சொல்கிறார்கள். இரண்டையும் மாறி மாறிப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடியதில் நாதஸ்வரக்காரர் முன்னால் வந்து நின்று வாசிக்கிறார். மற்றதில் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மங்கல். அது 24 பிட் என்றும், இறுவட்டில் ஒளிந்திருக்கும் நுணுக்கத்தையெல்லாம் வெளியே எடுக்கும் என்றும் கடைக்காரர் சொன்னார். உண்மையா? காசைக் கொடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியாக்காரன்:

சகோதரம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு போனில் கேளுங்கள். பிளேயருக்கு ஏன் செலவு?

ஓர்ஸ் ஹில் றேடியோ:

தம்பி, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி ஏற்றி வைக்கத்தான் வேண்டும், கிண்ணியாத் தம்பி சொன்னது நல்ல யோசனை. ஆனால் நீங்கள் கேட்டது வேறு. நான் றேடியோ, கசெற், சீடி என்று செற் திருத்தியே வாழ்ந்தவன், இப்போது வீட்டோடு இருக்கிறேன். என் மேசைக்கு வராத பிளேயர் குறைவு. அதனால் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த 24 பிட் கதை. இறுவட்டில் ஒவ்வொரு செக்கனுக்கும் இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியாக 44,100 மாதிரிகள் பதிந்திருக்கும். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். 1982இல் முதல் பிளேயர் யப்பானில் விற்பனைக்கு வந்த காலம் முதல் இன்றுவரை இதில் மாற்றமில்லை. பிளேயரில் 24 பிட் என்று எழுதியிருந்தால், உள்ளே எண்ணை ஒலியாக மாற்றும் சிப் அவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடக்கூடியது என்று அர்த்தம். அது நல்லதுதான், வடிகட்டிகளைச் சீராக அமைக்க உதவும். ஆனால் பதியும்போது தட்டில் விழாத சங்கதி எந்தச் சிப்பிலிருந்தும் வராது.

அடுத்தது, கடையில் நீங்கள் கேட்ட வித்தியாசம். நீங்கள் கேட்டது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சீடி பிளேயர்கள் உச்ச அளவில் ஏறக்குறைய 2 வோல்ட் வெளியே தரும். எல்லாம் சரியாக 2 அல்ல, சிலது 2.3 கூடத் தரும். அந்தச் சின்ன வித்தியாசமே 1.2 டெசிபல். சத்தம் அந்தளவு கூடினால் காது அதைச் சத்தம் கூட என்று சொல்லாது, தெளிவு கூட என்றுதான் சொல்லும். குரல் முன்னுக்கு வரும், தவிலின் தொப்பிப் பக்கம் இறுக்கமாகக் கேட்கும். அம்ப்பின் சத்தக் குமிழைத் தொடாமல் இரண்டு பிளேயரை மாற்றிக் காட்டினால், கூட வோல்ட் தருவதுதான் பெரும்பாலும் வெல்லும். விற்பவர் வேண்டுமென்று செய்ய வேண்டியதில்லை, அதுவாகவே நடக்கும்.

ஆகவே சத்தத்தைச் சமப்படுத்தாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சரியாகச் செய்ய வோல்ட் அளக்கும் ஒரு மல்ற்றிமீற்றர் போதும். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 100 ஹேர்ட்ஸ் தொனி ஒன்று உருவாக்கி, அதை வெற்று இறுவட்டு ஒன்றில் கம்ப்யூட்டரால் ரைட் பண்ணி, பிளேயரில் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளவுங்கள். மலிவான மீற்றர்கள் உயர்ந்த தொனியில் பிழையாகக் காட்டும், 100இல் நம்பலாம். இரண்டு பிளேயரிலும் அளவு நூற்றுக்கு ஒரு பங்குக்குள் ஒத்துவரும்வரை குமிழைத் திருப்பி, இரண்டு நிலையையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். நீண்ட நேரம் ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதைப் போட்டால் பயனில்லை. ஒலியின் நுணுக்கம் மனதில் சில செக்கன்களுக்கு மேல் நிற்பதில்லை. கடையில் இதெல்லாம் முடியாவிட்டால், மலிவானதைப் போடும்போது குமிழை ஒரு மயிரிழை கூட்டியாவது கேட்டுப்பாருங்கள்.

சரி, இப்போது காசு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பாவித்த பிளேயரில் நீங்கள் வாங்குவது சிப்பை அல்ல, லேசரையும் அது ஓடும் பொறியையும்தான். தட்டில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர். தட்டு உள்பக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றும், வெளி விளிம்புக்குப் போகப் போக 200 வரை இறங்கும். இத்தனை சுழற்சியில், சற்று வளைந்த தட்டிலும் அந்தத் தடத்தை விடாமல் ஒரு சின்ன லென்ஸ் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடிப் பின்தொடர்கிறது. களைப்பது அதுதான். சிப் நாற்பது வருடம் போனாலும் வேலை செய்யும்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து தட்டுகள் கொண்டு போங்கள். எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒன்று, கீறல் விழுந்த ஒன்று, ரைட் பண்ணிய ஒன்று. நீண்டதைப் போட்டு முதல் பாட்டிலிருந்து நேரே கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் நல்லது. தேடித் தேடி முன்னும் பின்னும் ஓடினால் லேசரோ அது ஓடும் தண்டவாளமோ சரியில்லை. கடைசிப் பாட்டு விளிம்பில் இருப்பதால் வளைவும் சரிவும் அங்கேதான் பிளேயரைச் சோதிக்கும். ரைட் பண்ணிய தட்டு அச்சடித்ததைவிடக் குறைவாக ஒளியைத் திருப்பும், களைத்த லேசர் அதில்தான் முதலில் தடுமாறும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய தட்டை வைத்து மட்டும் சோதிக்க வேண்டாம், பழைய பிளேயர்கள் பல அதை வாசிக்கச் செய்யப்பட்டவையே அல்ல. மூடியில் காதை வைத்து டிக் டிக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, சூடேறிய பின் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் விழுபவை ஏராளம். கடைக்காரர் அவ்வளவு நேரம் விடமாட்டார் என்றால் அந்தப் பிளேயரை விட்டுவிடுங்கள்.

லேசருக்கு மாற்று கிடைக்குமா என்பதும் விலையில் பாதி. சொனியின் கே.எஸ்.எஸ். 213 வகை லேசர் எத்தனையோ கம்பனிகளின் பிளேயர்களில் இருந்தது, இன்றும் வாங்கலாம், ஆனால் நகல்கள் கலந்து வருவதால் தரம் ஒன்றுபோல் இராது. பிலிப்ஸின் பழைய ஆடும் கை வகைப் பொறிகள் அருமையானவை, ஆனால் போனால் இன்னொரு பழைய பிளேயரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தட்டு வெளியே வரத் தயங்கினால் பயப்பட வேண்டாம், அது தட்டை வெளியே தள்ளும் றப்பர் பட்டியின் வேலை. எங்கள் வெக்கைக்கு அது இளகித் தளரும். மாற்றச் சொற்பக் காசு.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் பின்பக்கச் சிவப்பு வெள்ளைச் சொக்கெற்றுகளில் உப்புப் பூக்கும். ஒரு பக்கம் மெலியும், கரகரக்கும். ஆட்கள் பிளேயரின் ஒலி கெட்டுவிட்டது என்று கொண்டு வருவார்கள், துடைத்தால் சரி. மாரியில், ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்த பிளேயர் தட்டை வாசிக்காது. லென்ஸில் ஈரம் படிந்திருக்கும். ஒரு மணித்தியாலம் சும்மா வையுங்கள்.

கடைசியாக, யப்பான் பிளேயரின் முதுகைப் பாருங்கள். ஏ.சி. 100 வோல்ட் என்று இருந்தால் எங்கள் 230இல் செருகிய உடனே கதை முடிந்தது. அப்படி எரிந்த பல செற்றுகளை நான் திறந்திருக்கிறேன். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருக்கும், அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இதெல்லாம் செய்ய முன், உங்கள் டி.வி.டி. பிளேயரை ரீ.வி.யிலிருந்து கழற்றி நேரே அம்ப்பில் கொழுவிக் கேட்டீர்களா? இவ்வளவு நாளும் நீங்கள் கேட்டது ரீ.வி.யின் ஸ்பீக்கரை.

மூதூர் இசைப்பிரியன்:

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எல்லாப் பிளேயரும் ஒன்று என்றாகிவிடுகிறது. என்னிடம் எண்பதுகளின் நடுவில் செய்த ஒன்றும், பிறகு வாங்கிய ஒன்றும் இருக்கின்றன. கச்சேரி முடிந்து தம்புரா தேய்ந்து மறையும் இடத்தை ஹெட்போனில் கேட்டால் பழையதில் சொரசொரப்பு, புதியதில் வழுவழுப்பு. சத்தம் சமன்தான். என் காது பொய் சொல்லவில்லை.

ஓர்ஸ் ஹில் றேடியோ:

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. நீங்கள் கேட்ட இடமும் மிகச் சரியான இடம். மெல்லிய ஒலியில்தான் பழைய சிப்கள் படி தவறும். பெரிய சத்தத்தில் அது மறைந்துவிடும், தம்புரா ஓயும்போது வெளியே தெரியும். தொடக்க காலத்தில் பிலிப்ஸ் 14 பிட் சிப்பை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டிச் சமாளித்தது. சொனியின் முதல் பிளேயர் ஒரே சிப்பை இடத்துக்கும் வலத்துக்கும் மாறி மாறிப் பாவித்தது. அந்தத் தலைமுறைக்குள் வித்தியாசங்கள் உண்மையாகவே உண்டு. இன்னொன்று: அந்தக் காலத்து இறுவட்டுகள் சிலவற்றில் உச்ச ஸ்தாயியைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள், பிளேயர் அதைத் திருப்பி இறக்க வேண்டும். அதைச் செய்யாத கருவியில், கம்ப்யூட்டரில் ஏற்றும்போதும்கூட, தாளம் காதைக் குத்தும்.

ஆனால் தொண்ணூறுகளின் நடுவுக்குப் பிறகு வந்த, பழுதில்லாத இரண்டு பிளேயர்களுக்கு இடையில் சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுப் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனையை ஒலிப் பொறியியல் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்டது. சீடியைவிட உயர்ந்த தரப் பதிவுகளை நேராகவும், நடுவில் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் வழியாகச் செலுத்தியும் போட்டுக் காட்டினார்கள். வழக்கமான சத்தத்தில் கேட்டவர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. சீடி என்ற வடிவமே அவ்வளவு தாராளமானது. திருமலைத் தம்பி பார்த்த இரண்டும் எந்தக் காலத்தவை என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லலாம்.

திருமலை ரசிகன்:

ஐயா, மிக்க நன்றி. தட்டுகளோடு போய்வந்தேன். இரண்டுமே தொண்ணூறுகளின் முடிவுக்குப் பிறகு வந்தவைதான். மலிவானதைப் போடும்போது குமிழைச் சற்றுக் கூட்டினேன், நாதஸ்வரக்காரர் அதிலும் முன்னுக்கு வந்தார். தவிலில் மட்டும் யப்பான்காரன் இன்னும் கொஞ்சம் இறுக்கம் என்று தோன்றியது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதன் முதுகில் 100 வோல்ட் என்றுதான் இருக்கிறது. கடைசிப் பாட்டுக்குத் தாவ இரண்டு மூன்று தடவை திணறியது. மலிவானது உடனே பிடித்தது, தட்டு மட்டும் ஒருமுறை வெளியே வர மறுத்தது.

டி.வி.டி. பிளேயரை நேரே அம்ப்பில் கொழுவினோம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார், ஒலி அவ்வளவு மாறிவிட்டது. ஆனால் ரீ.வி.யைப் போடாமல் எத்தனையாவது பாட்டு என்று தெரியாது. அம்மாவுக்கு அது சிரமம்.

ஓர்ஸ் ஹில் றேடியோ:

அப்படியென்றால் மலிவானதை எடுங்கள், அம்மாவின் வசதிக்காகவே எடுக்கலாம். றப்பர் பட்டி இளகிவிட்டது என்று காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பட்டியை வெட்டுமுகம் சதுரமாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் பழையதைக் கொடுத்துவிடுங்கள், அளவு பிழைக்காது.

யப்பான்காரனில் மனம் இருந்தால், தடம் தேடும் அந்தத் திணறல் லேசரிலா வெறும் தூசியிலா என்று தெரியாமல் வாங்க வேண்டாம். லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சரியாகிவிட்டால் 230ஐ 100 ஆக்கும் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் வேண்டும். பிளேயர் எடுப்பது ஒரு பல்பின் கரண்ட்தான், 50 வாற் தாராளம். ஆனால் இப்போது கேட்கும் விலைக்கு அது பெறுமதி இல்லை. மிஞ்சும் காசில் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே கொண்டுவந்து, காது உயரத்தில் நிற்க இரண்டு மரத் தாங்கிகள் செய்வியுங்கள். தவிலின் இறுக்கம் எந்தப் பிளேயரையும்விட அதில் கூடும்.

தட்டுகளைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக அல்ல. எழுத்துள்ள மேல்பக்கத்தைத்தான் கூடக் கவனிக்க வேண்டும், அலுமினியப் படை அந்த மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரிகிற தட்டுகளை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், மாரி தொடங்க முன்.