சம்பாப் பயிரில் சாம்பல் தூசி: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

வடவாற்றங்கரை:
வணக்கம். சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே சம்பா தொண்டைக்கதிரில் நிற்கிறது. காலையில் இலையைத் தடவினால் சாம்பல் நிற மாவு விரலில் ஒட்டுகிறது. வடமேற்கே நெய்வேலி அனல்மின் நிலையம். பக்கத்திலேயே அரிசி ஆலையும் செங்கல் சூளையும் உண்டு. யாருடைய தூசி இது? இலை நுனி வெளுப்பதும் இதனாலா? எப்படி எழுதிக் கொடுத்தால் எடுபடும்?

தூசிக்கணக்கு:
முதலில் தூசியைப் பிடியுங்கள். அது கையில் இல்லாமல் எந்த மனுவும் நிற்காது. ஒரு முழ ஆழமுள்ள எவர்சில்வர் பாத்திரத்தை, மரம் மறைக்காத மொட்டைமாடியில் வையுங்கள். அடியில் இரண்டு விரற்கடைக்கு பேட்டரித் தண்ணீர் இருக்கட்டும். வெறும் பாத்திரமானால் விழுந்த தூசி காற்றில் மறுபடி எழும்பிவிடும். 30 நாள் கழித்து இலை, பூச்சியை எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீரை வற்றவைத்து, மிச்சத்தை நகைக்கடைத் தராசில் நிறுக்க வேண்டும். வாய் 30 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 0.07 சதுர மீட்டர். 0.7 கிராம் சேர்ந்தால் சதுர கிலோமீட்டருக்கு மாதம் 10 டன் என்று அர்த்தம். அடைமழையில் பாத்திரம் வழிந்தால் அந்த மாதக் கணக்கு செல்லாது. தினமும் காலை, மாலை காற்றுத் திசையைக் குறித்து வையுங்கள். வடமேற்கிலிருந்து வீசாத நாளிலும் அதே அளவு படிந்தால், பக்கத்து ஆலையைத்தான் பார்க்க வேண்டும்.

அடையாளம் காணப் பள்ளி நுண்ணோக்கி போதும். உமிச்சாம்பலில் உமியின் வரிவரியான மேடுபள்ளம் அப்படியே தெரியும். நிலக்கரிச் சாம்பல் 100 மடங்கில் கண்ணாடிக் குண்டுமணி போல உருண்டையாக இருக்கும். மஞ்சள் தடவிய தாளில் வைத்துச் சிவந்தால் மின்நிலையச் சாம்பல் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். விறகுச் சாம்பலும் தாளைச் சிவப்பாக்கும்.

கொதிகலன்:
உருண்டை இல்லையென்றால் மின்நிலையம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள் ஐயா. நிலக்கரியை மாவாக்கி எரிக்கும் கொதிகலனில்தான் சாம்பல் உருகி உருண்டையாகும். சூடான மணல் படுகையைக் காற்றால் சுழற்றி எரிக்கும் சுழல்படுகைக் கொதிகலன் 850 டிகிரி அளவில் எரிவதால் சாம்பல் கோணல்மாணலாகவே வரும். நெய்வேலி இரண்டாம் நிலைய விரிவாக்கத்தின் 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் அந்த வகைதான்.

இன்னொன்று. புகையிலுள்ள சாம்பலை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் கருவியான ஈ.எஸ்.பி. சரியாக ஓடினால் சாம்பலில் 99 சதவீதத்துக்கு மேல் பிடிபடும். ஆனால் எண்ணெய் ஊற்றிக் கொதிகலனைப் பற்றவைக்கும் நேரத்தில் தீப்பிடிக்கும் என்று அதை ஓட்டுவதில்லை. அதன் மின்தகட்டு வரிசைகளில் (புலம்) ஒன்று பழுதானாலும் தூசி வெளியேறும். அந்த நேரங்கள்தான் உங்களுக்கு வேண்டும்.

பயிர்க்கண்:
நுனி வெளுப்புக்கு: பாதித்த இலையை வெட்டி, வெட்டுமுனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வையுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி கலங்கி வடிந்தால் அது பாக்டீரியா இலைக்கருகல். புகையிலுள்ள கந்தக வாயு பட்டதென்றால் நெல் மட்டும் வெளுக்காது. வரப்புக் களை, பூவரசு எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் நரம்பிடையில் வெளுக்கும். நோய் திட்டுத்திட்டாகப் பரவும்.

மனு விஷயம். புகைபோக்கிக் கருவி 15 நிமிடச் சராசரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புகிறது. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, நீங்கள் குறித்த தேதிகளின் அளவையும் ஈ.எஸ்.பி. நின்ற நேரப் பதிவையும் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. 2003-க்குள் நிறுவிய அலகுக்குத் தூசி வரம்பு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரையானவற்றுக்கு 50. பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதானால் 6 மாதத்துக்குள் போய்விடுங்கள். இழப்பீடு கேட்க மட்டும் 5 ஆண்டு உண்டு.

கந்தகத்தில் கை கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது. 2025 ஜூலை அறிவிக்கை, பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் 10 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையங்களுக்கு, புகைபோக்கி உயர நிபந்தனையோடு கந்தக வரம்பிலிருந்து விலக்குத் தந்துவிட்டது. வயல்காட்டில் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய அநியாயம். அதனால் மனுவைத் தூசியில் நிறுத்துங்கள்.

வடவாற்றங்கரை:
நன்றி. நாளைக்கே மூன்று மாடிகளில் பாத்திரம் வைக்கிறோம், ஒன்று ஆலைக்கு மறுபக்கம்.