ஹாட் ராடுக்குக் கியர் பாக்ஸ் தேர்ந்தெடுத்த அனுபவம்: மூன்று கிரவுன் பினியன்களுக்குப் பிறகு புரிந்த கணக்கு

1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் உடலில் செவர்லேயின் 350 கன அங்குல வி8 எஞ்சினைப் பொருத்தி நான் கட்டிய ஹாட் ராடில் (பழைய காரை வலுவான எஞ்சினோடு மாற்றியமைத்த வண்டி), இதுவரை இரண்டு கியர் பாக்ஸ்களையும், பின் ஆக்சிலின் விகிதத்தை முடிவு செய்யும் பல்சக்கர இணையான கிரவுன் பினியன்கள் மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். வண்டியின் எடை ஏறத்தாழ 1,050 கிலோ. பின் டயரின் விட்டம் 29 அங்குலம். இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே எழுதி வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும் என்பதால், கணக்கோடு சேர்த்தே என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் நான் வாங்கியது மன்சி எம்21 என்ற, நான்கு கியர்கள் கொண்ட பாக்ஸ். அதன் விகிதங்கள், அதாவது பாக்ஸின் வெளித்தண்டு ஒரு முறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்கள், 2.20, 1.64, 1.27, 1.00. கியர்களுக்கு இடையே இடைவெளி குறைவு என்பதால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினார்கள் என்று படித்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. பந்தயத்தில் முதல் கியர் புறப்படும்போது ஒரே ஒரு முறைதான் பயன்படுகிறது என்பதையும், அத்தகைய பாக்ஸுக்குப் பின்னால் பெரும்பாலும் 4.11 போன்ற அதிக விகிதம் கொண்ட ஆக்சில் இருந்தது என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் ஆக்சிலின் விகிதம் 3.00. முதல் கியர் விகிதத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்கினால் 6.6 வருகிறது. சாலையில் ஓட்டும் வண்டிக்கு இந்தப் பெருக்கல் தொகை 10-ஐ ஒட்டி இருப்பதே வசதி. 6.6-இல் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அரை கிளட்ச் பிடிக்க வேண்டியிருந்தது. மேட்டில் நின்று கிளம்பினால் கிளட்ச் பிளேட் கருகும் வாடை இருக்கை வரை வந்தது.

கியர் பாக்ஸை விட மனமில்லாமல் ஆக்சிலை 4.11-க்கு மாற்றினேன். தொகை 9.04 ஆனது, வண்டி பாய்ந்து கிளம்பியது. அந்த மகிழ்ச்சி நெடுஞ்சாலையை எட்டும் வரைதான் நீடித்தது. 29 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.31 மீட்டர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 720 முறை சுழலும். கடைசிக் கியர் 1.00 என்பதால், 720-ஐ 4.11-ஆல் பெருக்கினால் எஞ்சின் 2,960 சுற்றில் ஓடுகிறது என்று தெரிகிறது. மூடியில்லாத ரோட்ஸ்டரில் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினால், இறங்கிய பிறகும் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

புறப்பாடும் நெடுந்தூர ஓட்டமும் ஒருங்கே வேண்டுமானால் ஓவர்டிரைவ் (விகிதம் 1.00-க்கும் குறைவான கடைசிக் கியர்) இல்லாமல் முடியாது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். 2.95, 1.94, 1.34, 1.00, 0.63 என்ற விகிதங்கள் கொண்ட டி-5 என்ற, ஐந்து கியர்கள் உள்ள பாக்ஸை வாங்கினேன். உடல் ஒல்லியான பாக்ஸ் என்பதால் பழைய ஃபோர்டின் தரையை அதிகம் வெட்டத் தேவையிருக்கவில்லை. இந்த எஞ்சினின் முறுக்குவிசையை அது தாங்குமா என்று பலர் கேட்டார்கள். எடை குறைந்த வண்டியில், ஒல்லியான டயர்களோடு, பல் உடைவதற்கு முன் டயர் வழுக்கிவிடும். அதே எஞ்சினைக் கனமான வண்டியில் அகலமான பந்தய டயர்களோடு வைத்து, உயர்ந்த சுற்றில் கிளட்சைப் பட்டென விடுபவர்களுக்கு இந்த பாக்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

4.11 ஆக்சிலோடு முதல் கியரின் தொகை 12.1 ஆனதால், வண்டி நகர்ந்ததுமே இரண்டாவது கியரைத் தேட வேண்டியிருந்தது. ஆகவே கிரவுன் பினியனை மீண்டும் மாற்றி, மூன்றாவதாக 3.50 போட்டேன். இப்போது தொகை 10.3, புறப்பாடு மிக இயல்பாக அமைந்தது. ஆனால் ஐந்தாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,590 சுற்றில்தான் ஓடியது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான என் கேம் ஷாஃப்ட் உயர்ந்த சுற்றுக்காக வடிவமைக்கப்பட்டது. 1,800-க்குக் கீழே எஞ்சின் திணறி, வண்டி உதறும். நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு மாறும்போது சுற்று 37 விழுக்காடு சரிவதால், 115 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் ஓவர்டிரைவ் பயன்பட்டது. கியர் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேம் ஷாஃப்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த முறை கியர் பாக்ஸையும் ஆக்சிலையும் தொடாமல், வால்வுகள் திறந்திருக்கும் காலம் குறைந்த, மிதமான கேமைப் பொருத்தினேன். எஞ்சின் 1,400 சுற்றிலிருந்தே சீராக இழுக்கிறது. உச்ச சக்தியில் கொஞ்சம் போனது உண்மை. எனினும் இப்போதுதான் ஐந்து கியர்களையும் பயன்படுத்துகிறேன்.

*

ஐயா, தங்கள் கணக்கைப் படித்ததும் என் தவறு கண்முன் வந்தது. நான் செவர்லேயின் எஸ்-10 பிக்கப்பில் வந்த டி-5 பாக்ஸை எடுத்தேன். அதில் கியர் லீவர் முன்னோக்கி அமைந்திருப்பதால், பழைய வண்டிகளின் நீள இருக்கையில் இடிக்காது என்பதே காரணம். ஆனால் அதன் முதல் கியர் 4.03, என் ஆக்சில் 3.70. தொகை 14.9 என்பதால் முதல் கியரைத் தொடாமல், 2.37 விகிதமுள்ள இரண்டாவது கியரிலேயே கிளம்பி வந்தேன். பின்னர், செவர்லேயின் வி8 கமாரோ காரில் வந்த, முதல் கியர் 2.95 கொண்ட டி-5 பாக்ஸை வாங்கி, எஸ்-10 பாக்ஸின் வால்பகுதி உறையையும் லீவர் அமைப்பையும் அதில் பொருத்தச் செய்தேன். லீவர் வேண்டிய இடத்திலேயே இருக்கிறது, தொகையும் 10.9-க்கு இறங்கிவிட்டது. ஒரு குறை மட்டும் மீதி இருக்கிறது: கியர் கடினமாக விழுகிறது, சில சமயம் நான்காவதிலிருந்து தானாக நழுவியும் வருகிறது. தங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

*

நேர்ந்தது, நண்பரே. முதலில் எண்ணெயைப் பாருங்கள். வேர்ல்டு கிளாஸ் வகை டி-5 பாக்ஸுக்கு ஊற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான மெல்லிய ஏடிஎஃப் எண்ணெய்தான். கெட்டியான கியர் ஆயிலை ஊற்றியிருந்தால் கியர்களின் வேகத்தை இணக்கும் சிங்க்ரோ வளையங்கள் தம் வேலையைச் செய்ய முடியாமல் கியர் இறுகும். கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அவை சரியாக இருந்தால், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் உறையான பெல் ஹவுசிங்கைச் சந்தேகியுங்கள். கியர் பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலில் நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்க்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஹவுசிங்கின் நடுத்துளை மையத்தில் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். மொத்த அளவீடு 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 0.014 காட்டியது. உண்மையான விலகல் அதில் பாதி என்பதால், ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் டவல் பின்களில் 0.007 அங்குல விலகல் கொண்டவற்றை எஞ்சின் பிளாக்கில் பொருத்தித் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன், அளவீடு 0.003-க்கு வந்ததும் கியர் நழுவுவது நின்றது. மையம் விலகிய நிலையில் நீண்ட நாள் ஓட்டியிருந்தால், கியர் பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ்ஷும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.