விர்டஸ் 1.5: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? குழம்பிப்போய் இருக்கிறேன்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வருடக் கடைசி தள்ளுபடியில் ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டர்போ பார்த்து வைத்திருக்கிறேன். 6 கியர் மேனுவல், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக், இரண்டுமே ஸ்டாக்கில் இருக்கிறதாம். எஞ்சின் ஒன்றுதான், 150 குதிரைத்திறன்.

மனசு மேனுவல் பக்கம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நானே கியர் மாற்றி ஏற வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் அது எப்போதாவது ஒருமுறை. தினமும் ஓட்டப்போவது கிரீன் சர்க்கிள் நெரிசலில்தான். போன வாரம் அப்பாவின் பழைய காரில் காட்பாடி போய்த் திரும்புவதற்குள் இடது கால் கெஞ்சிவிட்டது. வீட்டுக்காரம்மா யோசிக்கவே இல்லை, "ஆட்டோமேட்டிக்" என்றுவிட்டார், அவரும் ஓட்டுவார்.

என் பயம் வேறு. இந்த டிஎஸ்ஜியில் இருப்பது உலர் கிளட்ச், அதாவது குளிர்விக்க எண்ணெயில் மூழ்கி இருக்காது. ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும் என்கிறார்கள். நம்ம வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். வாரண்டி முடிந்தபின் செலவு வைத்தால் தள்ளுபடியெல்லாம் அதிலேயே போய்விடும்.

இந்தப் பக்கம் டிஎஸ்ஜி வைத்து இரண்டு கோடை தாண்டியவர்கள், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம், டிசம்பரில் எடுத்தால் விற்கும்போது ஒரு வருடம் பழசாகக் கணக்குப் போடுவார்களே, அதைச் சொல்லி இன்னும் எவ்வளவு குறைக்கக் கேட்கலாம்? சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.