தென்னைக்கு ஊடே மரச்சீனி போடுகிறோம், சத்து கூடின ரகம் எதைப் போடலாம்?

கருங்கல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டை ஒட்டி இருபது சென்ட், தென்னைக்கு ஊடே மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. காலையில் மரச்சீனி, மதியம் சோறு, ராத்திரி கஞ்சி, அநேக நாள் சாப்பாடு இவ்வளவுதான். நாலு வயசு மகளுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். வயிறு நிறையத்தானே சாப்பிடுகிறாள், அப்புறம் எப்படிச் சத்து குறையும்? விதையிலேயே சத்து கூடின நெல்லும் கிழங்கும் வந்திருக்கிறதாம். அதெல்லாம் மரபணு மாற்றினதா? பிள்ளைக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

தக்கலை_தோட்டம்:
பயப்படாதீங்க அக்கா. நம் நாட்டில் இப்படி வெளியிட்ட நெல், கம்பு, சர்க்கரைவள்ளி ரகங்கள் எல்லாம் சாதாரண ஒட்டு முறையிலும் தேர்வு முறையிலும் வந்தவை. மரபணு மாற்றி வைட்டமின் ஏ ஏற்றியது தங்க அரிசி, அது இங்கே சாகுபடியில் இல்லை.

வயிறு நிறைவது வேறு, சத்து வேறு. மரச்சீனி முழுக்க மாவு, நூறு கிராமில் புரதம் ஒரு கிராம் அளவுதான். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பஞ்சத்துக்குக் கை கொடுத்த கிழங்கு என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் அது மட்டுமே சாப்பாடு ஆகக்கூடாது.

உங்கள் இடத்துக்கு நான் சொல்வது ஆரஞ்சு சர்க்கரைவள்ளி. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பூ சோனா (Bhu Sona) ரகத்தில் நூறு கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், வழக்கமான ரகங்களில் 2, 3 தான். இதைத்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அவிக்கும்போது கொஞ்சம் போனாலும் சின்னப் பிள்ளையின் ஒரு நாள் வைட்டமின் ஏ-க்கு ஒரு நடுத்தரக் கிழங்கே தாராளம். கொழுப்பு சேர்ந்தால்தான் உடம்பில் பிடிக்கும், அதனால் தேங்காய்ப்பூவோடு கொடுங்கள். நல்ல வெயில் விழுகிற ஓரமாகப் பாத்தி போடுங்கள், தென்னை நிழலில் கொடிதான் ஓடும், கிழங்கு வைக்காது.

பூதப்பாண்டி_வயல்:
நெல்லில் டிஆர்ஆர் தான் 45 (DRR Dhan 45) என்று ஒரு ரகம், 2016-ல் வந்தது, தமிழ்நாட்டுக்கும் பரிந்துரைத்தார்கள். தீட்டிய அரிசியிலேயே கிலோவுக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம், சாதாரண அரிசியில் 12 முதல் 16 வரை. நல்ல ரகம்தான். ஆனால் அறுத்துக் கொண்டுபோனால் ஆலைக்காரர் மற்ற நெல்லோடு கலந்து அதே விலைதான் போடுவார், அப்புறம் எந்த விவசாயி அடுத்த போகத்துக்கும் போடுவான்? சத்துக்குத் தனி விலை வைத்துக் கொள்முதல் செய்யாத வரை இதெல்லாம் வயலுக்கு வராது. வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றால் தாராளமாகப் போடலாம்.

குளச்சல்_கடலோரம்:
இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் அக்கா கேட்டது ரத்தக்குறைவு, அதற்கு முக்கியமாக வேண்டியது இரும்புச்சத்து. ஆரஞ்சுக் கிழங்கு வைட்டமின் ஏ, அந்த நெல் துத்தநாகம், இரும்புக்கு வேறு வழி வேண்டும். இரும்பு கூடின கம்பு தனசக்தி என்று இருக்கிறது, நம்ம ஊரில் கம்பு போடுவது இல்லை. இங்கே இருக்கிறதை வைத்துப் பாருங்கள். மரச்சீனியோடு சாளை (மத்தி) மீன் கறி வைக்கிறோம் இல்லையா, அந்தச் சேர்க்கை வெறும் ருசிக்கு மட்டும் இல்லை, கிழங்கில் இல்லாத புரதம் அதில் இருக்கிறது, சோற்றில் இருக்கும் கொஞ்சம் இரும்பையும் மீன் நன்றாக உறிஞ்ச வைக்கும். பல வீடுகளில் பிள்ளைக்குக் குழம்பை மட்டும் ஊற்றிவிட்டு மீனைப் பெரியவர்களுக்கு எடுத்து வைக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். முள்ளெடுத்து ஒரு துண்டாவது பிள்ளை தட்டில் போடுங்கள். சாப்பிட்ட கையோடு சாயா வேண்டாம், அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். டாக்டர் கொடுத்த மருந்தையும் அவர் சொல்லாமல் நிறுத்தாதீங்க.

கருங்கல்_அம்மா:
சாயா கொடுக்கிற வழக்கம் இருக்கிறது, இன்றிலிருந்து நிறுத்துகிறேன். அந்தக் கிழங்குக்கு விதை எங்கே கிடைக்கும்?

தக்கலை_தோட்டம்:
விதை இல்லை, கொடித்துண்டுதான் நட வேண்டும். ஸ்ரீகாரியத்தில் கேளுங்கள், திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. போகும் முன் போன் செய்து கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சாண் நீளத்துக்கு நுனிக்கொடியாக வாங்குங்கள், மூணரை, நாலு மாதத்தில் தோண்டலாம், அடுத்த நடவுக்குக் கொடி உங்கள் பாத்தியிலேயே கிடைக்கும்.