கவுண்ட்டவுனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எண் சுற்று ஓகே, எழுத்துச் சுற்றுக்கு என்ன செய்வது?

குற்றாலச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சேனல் 4-ல் மத்தியானம் வரும் கவுண்ட்டவுன் இங்கே நிறையப் பேர் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்பது எழுத்தில் முடிந்தவரை நீளமான இங்கிலீஷ் சொல் சொல்ல வேண்டும், ஆறு எண்ணை வைத்துக் கேட்ட எண்ணைக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முப்பது நொடி, அந்தப் போட்டிதான். என் வீட்டுக்காரர் விளையாட்டாக என் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டார். தேர்வு வைத்தார்கள், எப்படியோ தேறிவிட்டேன். இன்னும் ஆறு வாரத்தில் சால்ஃபோர்டில் படப்பிடிப்பு.

எண் சுற்றுக்குப் பயமில்லை. பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்காமல் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது, அப்படி வளர்ந்தவள். எழுத்துச் சுற்றுதான் உதைக்கிறது. ஒன்பது எழுத்தைப் பார்த்தால் ஐந்தெழுத்துச் சொல் உடனே வரும், ஆறு கொஞ்சம் தடவினால் வரும், அதோடு சரி. கடிகாரம் கீழே இறங்க இறங்க அந்த இசை வேறு மண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நாள் முழுக்க இங்கிலீஷில்தான் ரிப்போர்ட் எழுதுகிறேன், ஆனால் ஹீமோகுளோபினுக்குப் பதினொரு எழுத்து, அதை வைத்து என்ன செய்ய?

இன்னொரு கவலை உச்சரிப்பு. நான் சொல்லும் சொல் அவர்களுக்குப் புரியாமல் போனால்? அப்புறம் நம் ஊர் ஆபீஸ் இங்கிலீஷ். 'ப்ரீபோன்' மாதிரிச் சொல்லெல்லாம் அங்கே செல்லுமா, சிரிப்பார்களா?

போய்விட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

வாழ்த்துகள் அக்கா. ஜெயித்தால் எத்தனை பவுண்டு?

---

இரவுக்கடை எழுதியது:

தம்பி வெட்டிப்பேச்சு, காசு இல்லை. ஒரு ஆட்டம் வென்றால் ஒரு தேத்தண்ணிப் பீங்கான் கேத்தில் தருவார்கள், கடிகாரப் படம் போட்டது. அது கடையில் வாங்கக் கிடைக்காது, வென்றுதான் எடுக்க வேணும். என்னிடம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரி அதில் தேத்தண்ணி போட விடமாட்டா, கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது.

இனி தங்கச்சிக்கு. நான் யாழ்ப்பாணம். 93-இல் லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் எழும்புவேன். அந்த நேரத்தில் ரிவியில் என்ன போகும்? நாலரைக்குக் கவுண்ட்டவுன். ரிச்சர்ட் வைட்லியும் கரோல் வோர்டர்மனும் நடத்தினது. பகிடி ஒன்றும் விளங்காது, எண் மட்டும் விளங்கும். எண்ணுக்காகப் பார்க்கத் தொடங்கி, அந்த அகராதி மூலையில் (அகராதியோடு ஆட்கள் இருந்து சொல் சரிபார்க்கிற இடம்) சொல்லும் சொற்களைச் சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்து, அதிலேதான் நான் இங்கிலீஷ் படித்தேன். இரவில் கடையில் ஆள் வராத நேரம் ரசீதுச் சுருளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பழகுவது. முதலாளி கண்டால் ஏசுவார், அது வேற கதை.

போட்டிக்குப் போனது பிந்தித்தான், நிகழ்ச்சி லீட்ஸை விட்டு, மான்செஸ்டர் போய், பிறகு சால்ஃபோர்டுக்கு வந்த பிறகு. ஒரு நாளில் ஐந்து நிகழ்ச்சி எடுப்பார்கள். வென்றவர் உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து 'அடுத்த நாள்' போல இருக்க வேணும். அதனால் ஐந்து சட்டை கொண்டு போ. நானும் ஐந்து கொண்டு போனேன். தேவைப்பட்டது இரண்டு.

எழுத்துச் சுற்று பத்து வரும். ஐந்து உன் தெரிவு, ஐந்து மற்றவரின் தெரிவு. உயிரெழுத்து குறைந்தது மூன்று இருக்க வேணும், மெய் குறைந்தது நாலு இருக்க வேணும். என் வழக்கம் நாலு உயிர், ஐந்து மெய். மூன்று உயிரோடு நிறுத்தினால் எதிராளிக்கும் கஷ்டம்தான், ஆனால் உனக்கு ஐந்தெழுத்துத்தான் வருகிறது என்றால் உனக்குத்தான் கூடக் கஷ்டம்.

எழுத்தை வரிசையாக எழுதாதே. வட்டமாக எழுது. வரிசையில் எழுதினால் கண் அந்த வரிசையிலேயே நிற்கும். பிறகு வாலைப் பிடி. ஐ-என்-ஜி இருக்கிறதா, ஈ-டி இருக்கிறதா, ஈ-ஆர் இருக்கிறதா என்று பார்த்து அதைத் தனியே ஒதுக்கி வை. மிச்சத்தில் நாலெழுத்துச் சொல் ஒன்று கிடைத்தால் ஆறு ஏழு ஆகிவிடும். எஸ் கிடைத்தால் அது தங்கம். பெரிய பெரிய சொல் மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதே. ரெட்டினாஸ், ரீடெயின்ஸ், நாஸ்டியர், மூன்றுக்கும் ஒரே ஏழெழுத்து. இப்படி அடிக்கடி சேர்ந்து வருகிற எழுத்துக் கூட்டம் ஒரு நூறு பழகினால் காணும், ஆறு வாரத்துக்கு அது போதும்.

ஒரு விதி கவனம். ஒரே அசை உள்ள பெயரடைக்கு ஈ-ஆர் போட்டால் ஏற்பார்கள். இரண்டு அசை என்றால் அகராதியில் அந்த வடிவம் போட்டிருக்க வேணும். அமெரிக்க எழுத்துக்கூட்டலும் ஏற்கமாட்டார்கள், அது எங்களுக்குப் பிரச்சினை இல்லை, நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததே வெள்ளைக்காரனின் எழுத்துக்கூட்டல்தானே.

ப்ரீபோன் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது, இந்திய வழக்கு என்ற குறிப்போடு. அகராதியில் இருந்தால் சரி, பயப்படாமல் சொல்லு. ஆனால் அதற்கு இரண்டு பீ, இரண்டு ஈ வர வேணும். காத்திருந்து பார்!

உச்சரிப்புக்கு ஏன் பயப்படுகிறாய் பிள்ளை. விளங்கவில்லை என்றால் எழுத்துக் கூட்டிச் சொல்லு. என் முதல் ஆட்டத்தில் பலகையில் வந்தது ரீ, ஓ, எச், சி, ஈ, ஆர், ஓ, டி, எல். (நாங்கள் டிவியை ரிவி என்று எழுதினால் இந்தியாக்காரர் சிரிப்பீர்கள். இப்போது பாருங்கள், ரீ வேற, டி வேற என்று எழுத என்னால் முடிகிறது, உங்களால் முடியாது.) எதிரில் இருந்த பெடியன் டார்ச்ட் என்று ஏழு சொன்னான். நானும் ஏழு. செரூட். எங்கட சுருட்டு! தமிழில் இருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போன சொல். அந்த எழுத்துகளைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது சொல் இல்லை, அம்மப்பா. திண்ணையில் சாக்குக் கட்டிலில் இருந்து, சுருட்டு நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுப் பத்த வைப்பாரே, அந்த மணம் முதல் வந்தது, பிறகுதான் எழுத்தைச் சரி பார்த்தேன்.

இனித் தோற்ற கதை. இரண்டாவது ஆட்டம். ரீ, ஆர், ஏ, சி, எச், ஈ, ஐ, எல், டி. முப்பது செக்கன். என் கண்ணுக்கு டீச்சர் தெரிந்தது. என் அப்பா வாத்தியார், எங்கள் வீட்டில் அந்தச் சொல்தான் முதல் வரும். ஏழு என்று சொன்னேன். எதிரில் இருந்த அம்மாவும் ஏழு, டயலெக்ட். என் சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் பார்க்கிறேன், டீச்சருக்கு இரண்டு ஈ வேணும், பலகையில் ஒன்றுதான். பூச்சியம். ஆர்ட்டிகிள் அங்கேயே கிடந்தது, அதுவும் ஏழு. அகராதி மூலையில் ஆர்ட்டிகிள்ட் என்று எட்டு எடுத்தார்கள், அது போகட்டும்.

கடைசியில் கனண்ட்ரம். நான் பதினாலு புள்ளி பின்னுக்கு. பத்துப் புள்ளிதான் அதற்கு. ஒன்பது எழுத்தைக் குழப்பிப் போட்டார்கள், மூன்று செக்கனில் பொத்தானை அடித்தேன். நியூஸ்பேப்பர். விடியப்புறம் ஐந்து மணிக்கு அந்தக் கட்டைக் கத்தரித்து அடுக்கிய கைக்கு அது தெரியாதா? சரியான விடை. நாலு புள்ளியால் தோற்றேன். டீச்சரை விட்டு ஆர்ட்டிகிள் சொல்லியிருந்தால் மூன்று புள்ளியால் வென்றிருப்பேன். நீயே கணக்குப் பார்.

ஆகவே சொல்லை எழுதின பிறகு, ஒவ்வொரு எழுத்தாகப் பலகையோடு வெட்டிப் பார். கடைசி ஐந்து செக்கன் அதற்கு மட்டும். புதுச் சொல் தேடாதே.

---

லாசப்பல்பெரியவர் எழுதியது:

இரவுக்கடை அண்ணை நல்லாச் சொன்னார். ஆனால் தாய் நிகழ்ச்சி எங்கட பக்கம்தான், பிரான்ஸ். அர்மான் ஜமோ என்பவர் 1965-இல் தொடங்கினது. முதலில் சொல் மட்டும், 1972-இல்தான் எண்ணும் சேர்ந்தது. அதைப் பார்த்துத்தான் 1982 நவம்பர் 2-இல் சேனல் 4 தொடங்கின அன்றைக்கே அங்கே கவுண்ட்டவுனை முதல் நிகழ்ச்சியாகப் போட்டார்கள். இங்கே பத்து எழுத்து. வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் திருப்பித் திருப்பிப் போடலாம் என்பதால் பத்தெழுத்தும் அடிக்கிறவர்கள் இருந்தார்கள். 2024-இல் நிறுத்திவிட்டார்கள். பின்னேரத்தில் ரிவி போட இப்போது ஒரு காரணமும் இல்லை.

---

கணக்குவாத்தி எழுதியது:

கோவையில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். நிகழ்ச்சியை யூடியூபில் மட்டும் பார்த்தவன். எண் சுற்று ஓகே என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள் மேடம், அங்கேதான் புள்ளி அதிகம். சரியான விடைக்குப் பத்து, ஐந்துக்குள் வந்தால் ஏழு, பத்துக்குள் வந்தால் ஐந்து. எழுத்துச் சுற்றில் ஒன்பதும் பிடித்தால்தான் 18, அது எப்போதாவது நடப்பது. நாலு எண் சுற்றிலும் பத்து பத்தாக நாற்பது வாங்கினால் எழுத்தில் இரண்டு இடத்தில் சறுக்கினாலும் தாங்கும்.

வாய்ப்பாடு தெரிந்தவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பெருக்கிவிட்டு அப்புறம் கழிக்கப் பார்ப்பார்கள். 100, 9, 7, 4, 3, 2 கொடுத்து 867 கேட்டால் உடனே 900 போட்டுவிட்டு 33-ஐத் தேடி அலைவார்கள். ஏழு நாலு இருபத்தெட்டு, மூன்றும் இரண்டும் சேர்த்தால் 33, கிடைக்கும்தான். ஆனால் ஆறு எண்ணும் காலி, நேரமும் காலி. பெருக்கும் முன்பே நூறில் நாலைக் கழித்தால் 96. ஒன்பதால் பெருக்கினால் 864. மூன்றைக் கூட்டினால் முடிந்தது.

இதன் உச்சம் 1997-ல் ஒருவர் போட்டது. 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. நூற்றாறை மூன்றால் பெருக்கி 318, அதை 75-ஆல் பெருக்கி 23,850, ஐம்பதைக் கழித்து 23,800, இருபத்தைந்தால் வகுத்தால் 952. முப்பது நொடியில்! என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதைப் போட்டுக் காட்டுவேன். பின்வரிசை கூட வாயைத் திறந்துகொண்டு பார்க்கும்.

பெரிய எண் (25, 50, 75, 100) எத்தனை, சின்னது (1 முதல் 10 வரை) எத்தனை வேண்டும் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும், இரண்டு முறை உங்கள் முறை வரும். ஒரு பெரியது, ஐந்து சின்னது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எதிராளியும் அதிலேதான் பழகியிருப்பார். நீங்கள் பதினாறாம் வாய்ப்பாடு ஆள், ஆறும் சின்னதாகக் கேளுங்கள்.

இப்போதே ஒன்று. 10, 9, 7, 6, 4, 3. இலக்கு 583. முப்பது நொடி. பேனா வைத்துக்கொள்ளலாம்.

---

குற்றாலச்சாரல் எழுதியது:

இரவுக்கடை அண்ணா, டீச்சர் கதையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. எட்டு சுற்று போட்டுப் பார்த்தேன், வட்டமாக எழுதி. ஐந்தில் ஆறெழுத்து, இரண்டில் ஏழு. ஒன்றில் ஸ்டெரிலைஸ் என்று ஒன்பது எழுதிவிட்டுத் துள்ளினேன். சரிபார்த்தால் எஸ் ஒன்றுதான் வந்திருக்கிறது. உங்கள் டீச்சர், என் ஸ்டெரிலைஸ். அவரவர் வேலையிடம் முதலில் வருகிறது.

உச்சரிப்புப் பயம் குறைந்துவிட்டது. சட்டைதான் பிரச்சினை. ஐந்து செட் எடுத்துப் போனால் இவர் 'ஊருக்கா போகிறாய்' என்று கேலி பண்ணுவார்.

வாத்தியார் சார், உங்கள் கணக்கு. ஒன்பது ஆறு ஐம்பத்து நாலு, நாலு சேர்த்தால் 58. பத்தால் பெருக்கி 580. மூன்று சேர்த்தால் 583. இருபது நொடி இருக்கும்.

---

கணக்குவாத்தி எழுதியது:

பிரமாதம். நான் வைத்திருந்த விடை வேறு. அறுபதும் நாலும் 64, ஒன்பதால் பெருக்கி 576, ஏழு சேர்த்தால் 583.

---

இரவுக்கடை எழுதியது:

நான் 587-இல் நின்றுவிட்டேன். வயது போய்விட்டது. பிள்ளை, ஆறும் சின்னதாகவே கேள்.

---

குற்றாலச்சாரல் எழுதியது:

இவர் பக்கத்தில் உட்கார்ந்து 580 வரைக்கும் வந்தார். மூன்றுதான் வித்தியாசம், ஏழு புள்ளி போடு என்கிறார். நான் சரியாகச் சொன்ன பிறகு அவருக்கு ஏது ஏழு? ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.